வளையம் உடையவில்லை என்றால்: அரோமேட்டிக் நச்சைப் பாக்டீரியா சிதைக்காதபோது பிழை தேடும் வழி

பீனால், டொலுயீன், நைட்ரோபென்சீன், குளோரோபென்சீன், நாஃப்தலீன், அசோ சாயங்கள் என்று தொழிற்சாலைக் கழிவில் வரும் பெயர்கள் பலவானாலும், நடுவில் உட்கார்ந்திருப்பது பென்சீன் வளையம்தான். அதைப் பாக்டீரியா எப்படி உடைக்கிறது என்பதைப் பாடநூல் நான்கைந்து அம்புக்குறிகளில் முடித்துவிடும். குடுவையிலோ சுத்திகரிப்புத் தொட்டியிலோ வேலை நடக்காதபோது அந்த அம்புகளில் எது அறுந்தது என்று கண்டுபிடிப்பதுதான் பாடு. உங்கள் கண்ணில் படும் அறிகுறியிலிருந்து தொடங்கி உள்ளே போக இந்தக் குறிப்பு உதவும். எல்லாவற்றையும் வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. அடுத்த இரண்டு பகுதிகளை மட்டும் தாண்டிவிட வேண்டாம்.

வளையம் உடையும் விதம், சுருக்கமாக

பென்சீன் வளையத்தின் ஆறு பை எலக்ட்ரான்களும் வளையம் முழுக்கப் பரவி நிற்கின்றன. அதனால் மோலுக்குச் சுமார் 150 கிலோஜூல் கூடுதல் நிலைப்பு கிடைக்கிறது. ஆக்சிஜன் உள்ள சூழலில் பாக்டீரியா இதை இரண்டு கட்டமாகச் சமாளிக்கிறது. முதல் கட்டத்தில் ஆக்சிஜனேஸ் நொதிகள் ஆக்சிஜனை நேராக வளையத்தின் மேல் ஏற்றுகின்றன. அடுத்தடுத்த கார்பன்களில் இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் வந்து, பெரும்பாலும் கேட்டகாலோ அதன் உறவுச் சேர்மமோ உருவாகிறது. இரண்டாம் கட்டத்தில் இன்னொரு நொதி வளையத்தை வெட்டுகிறது. இரு ஹைட்ராக்சில்களுக்கும் நடுவே வெட்டினால் ஆர்த்தோ வெட்டு. பக்கத்தில் வெட்டினால் மெட்டா வெட்டு. அதன்பின் கிடைப்பவை அசிட்டேட், சக்சினேட், பைருவேட் போன்ற சாதாரண உணவுதான்.

1955இல் ஒசாமு ஹயாய்ஷி கன ஆக்சிஜனைக் கொண்டு ஒன்றைக் காட்டினார்: கேட்டகால் வெட்டப்படும்போது உள்ளே நுழையும் இரண்டு ஆக்சிஜன் அணுக்களும் தண்ணீரிலிருந்து வரவில்லை, ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே வருகின்றன. பிழை தேடுபவருக்கு இது முக்கியமான செய்தி. இங்கே ஆக்சிஜன் மூச்சுக்கு மட்டும் தேவைப்படவில்லை, அதுவே வினைப்பொருள். அது குறைந்தால் வளர்ச்சி மந்தமாவதோடு நிற்காது, முதல் வெட்டே விழாது.

எதையும் குற்றம் சொல்லுமுன்: மூன்று குடுவைகள்

ஒன்றில் வேதிப்பொருளும் உயிருள்ள பாக்டீரியாவும். இரண்டாவதில் வேதிப்பொருளும் கொல்லப்பட்ட பாக்டீரியாவும். மூன்றாவதில் பாக்டீரியா இல்லாமல் ஊடகமும் வேதிப்பொருளும் மட்டும். இவை மூன்றும் இல்லாமல் வரும் எந்த "சிதைவு விழுக்காட்டையும்" நம்ப வேண்டாம் என்பதே என் கருத்து. மூன்றாவது குடுவை ஆவியான அளவைச் சொல்லும். இரண்டாவது, செத்த செல்களின் மேல் ஒட்டிக்கொண்ட அளவையும் சேர்த்துச் சொல்லும். செல்களை ஆட்டோகிளேவில் கொல்வதானால் வேதிப்பொருளை ஆறிய பிறகு சேருங்கள். முன்பே சேர்த்தால் சூட்டில் பாதி போய்விடும். சோடியம் அசைடு கொண்டு கொல்பவர்கள் அந்தக் கரைசலை அமிலத்தோடு கலக்கக் கூடாது. கிளம்பும் ஆவி கொடிய நஞ்சு.

அறிகுறி: அளவு குறைகிறது, ஒப்பீட்டுக் குடுவையிலும் அதே போல் குறைகிறது

பாக்டீரியா எதுவும் செய்யவில்லை. பொருள் வேறெங்கோ போயிருக்கிறது.

முதல் சந்தேகம் காற்று. 25 டிகிரி செல்சியசில் டொலுயீனின் ஹென்றி மாறிலி (சமநிலையில் காற்றிலுள்ள செறிவுக்கும் நீரிலுள்ள செறிவுக்கும் உள்ள விகிதம்), அலகில்லா வடிவில், சுமார் 0.27. 250 மி.லி. குடுவையில் 50 மி.லி. ஊடகம் வைத்து இறுக மூடினால் மேலே 200 மி.லி. காற்று இருக்கும். கணக்குப் போட்டால் டொலுயீனில் பாதிக்குச் சற்று மேலேயே அந்தக் காற்றில்தான் இருக்கிறது. திரவத்தை மட்டும் அளந்தவர் முதல் நாளிலேயே பாதி "சிதைந்துவிட்டது" என்று எழுதுவார். மூடியாகப் பஞ்சடைப்பு இருந்தால் சொல்லவே வேண்டாம், மிச்சமும் அறைக்குள் போய்விடும். பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பதால் அது அறைக்குள் வருவது அளவுப் பிழையோடு முடிகிற விஷயமுமல்ல.

இரண்டாவது சந்தேகம் ரப்பர். சாதாரண ரப்பர் அடைப்பானும் சிலிக்கோன் குழாயும் டொலுயீன், நாஃப்தலீன் போன்றவற்றை உறிஞ்சிக்கொள்ளும். டெஃப்லான் பூசிய அடைப்பான் போடுங்கள். நாஃப்தலீன் திடநிலையிலிருந்தே நேராக ஆவியாகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இறந்த செல்கள் உள்ள குடுவையில் மட்டும் குறைந்து, செல் இல்லாத குடுவையில் குறையாமல் இருந்தால் அது ஒட்டுதல். செல்களையும் சேர்த்துக் கரைப்பானில் முழுக் குடுவையையும் பிரித்தெடுத்து அளந்தால் காணாமல் போனது திரும்பி வரும்.

அறிகுறி: நாட்கள் ஓடுகின்றன, எதுவுமே நடக்கவில்லை

இதற்குக் காரணங்கள் ஐந்தாறு உண்டு. எளிதாகச் சோதிக்கக்கூடியதிலிருந்து போவோம்.

செறிவைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து ஒரு குடுவை வையுங்கள். அதில் வளர்ச்சி வந்தால் உங்கள் பிரச்சினை நச்சுத்தன்மை. டொலுயீன் போன்ற கரைப்பான்கள் செல் சவ்வுக்குள் புகுந்து அதைத் தளர்த்திவிடும்; உள்ளே இருக்க வேண்டிய அயனிகள் கசிந்துவிடும். தாங்கும் இனங்களும் உண்டு. 1989இல் இனோவேயும் ஹோரிக்கோஷியும் டொலுயீன் பாதிக்குப் பாதி கலந்த ஊடகத்திலேயே வளரும் சூடோமோனாஸ் புட்டிடா என்ற பாக்டீரியா ஒன்றை அறிவித்தார்கள். அத்தகையவை கரைப்பானை வெளியே தள்ளும் பம்புகளை வைத்திருக்கின்றன; சவ்வின் கொழுப்பு அமிலங்களைச் சிஸ் வடிவிலிருந்து டிரான்ஸ் வடிவுக்கு மாற்றிச் சவ்வை இறுக்கிக்கொள்கின்றன. உங்களிடம் இருப்பது அந்த இனம் இல்லையென்றால் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவதே வழி.

குறைந்த செறிவிலும் அசைவில்லையா? ஊடகத்தில் "உதவிக்கு" என்று வேறு கார்பன் சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள். குளுக்கோஸ் போட்டால் பாக்டீரியா வலுவாகும், பிறகு பீனாலைத் தின்னும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. சூடோமோனாசுக்குக் குளுக்கோசைவிடச் சக்சினேட் போன்ற கரிம அமிலங்களே அதிகப் பிடித்தம். சக்சினேட்டோ அமினோ அமிலம் நிறைந்த ஈஸ்ட் சாறோ கிடைக்கும்வரை அரோமேட்டிக் நொதிகளின் உற்பத்தியை அது அடக்கியே வைக்கும். குடுவை நன்றாகக் கலங்கும், வளர்ச்சி வளைகோடு அழகாக ஏறும், பீனால் தொட்டது தொட்டபடி இருக்கும். கலங்கலை மட்டும் பார்த்து மகிழாமல் பீனாலை அளப்பவருக்கே இது தெரியவரும்.

அடுத்தது இரும்பு. வளையத்தில் ஆக்சிஜன் ஏற்றும் டைஆக்சிஜனேசுகளும், கேட்டகாலை வெட்டும் இரண்டு வகை நொதிகளும் இரும்பை மையத்தில் வைத்து வேலை செய்பவை. வாலை நீரில் தயாரித்த ஊடகத்தில் நுண்தாதுக் கரைசலைச் சேர்க்க மறந்தால், அல்லது சேர்த்த இரும்பு பாஸ்பேட்டோடு சேர்ந்து வண்டலாக இறங்கிவிட்டால், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் வேலை ஓடாது.

இவையெல்லாம் சரி என்றால்தான் "இந்த இனத்திடம் அந்தப் பாதையே இல்லை" என்ற முடிவுக்கு வாருங்கள். பல இனங்கள் கலந்த, இந்தப் பொருளுக்குப் பழகாத சுத்திகரிப்புத் தொட்டிக் கசடானால் தேவையான இனங்கள் பெருகி மேலெழவே நாட்கள் முதல் வாரங்கள் வரை பிடிக்கலாம். பழகிய கசடு கொஞ்சம் கலந்தால் இந்தக் காத்திருப்பு சுருங்கும்.

புட்டியில் விற்கும் நுண்ணுயிர்ப் பொடிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆனந்த மோகன் சக்ரவர்த்தி பல பிளாஸ்மிட்களை (குரோமோசோமுக்கு வெளியே இருக்கும் டி.என்.ஏ. துண்டுகளை) ஒரே சூடோமோனாசில் சேர்த்து உருவாக்கிய எண்ணெய் தின்னும் பாக்டீரியாவுக்குக் காப்புரிமை கொடுக்கலாம் என்று 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்ட வரலாற்றில் பெரிய இடம் பிடித்த அந்த உயிர் எண்ணெய்க் கசிவுகளைத் துடைக்கும் களப்பணிக்குப் போகவில்லை. வெளியிலிருந்து வரும் இனம் உள்ளூர் இனங்களோடு போட்டி போட வேண்டும், புரோட்டோசோவாக்களின் வாயிலிருந்தும் தப்ப வேண்டும். முதலில் காற்று, நைட்ரஜன், இரும்பு ஆகியவற்றைச் சரி செய்யுங்கள். பொடி வாங்குவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

அறிகுறி: நன்றாகத் தொடங்கியது, பாதியில் நின்றது

பெரும்பாலும் ஏதோ ஒன்று தீர்ந்துபோயிருக்கிறது. எது என்று கணக்கே சொல்லிவிடும்.

ஆக்சிஜன்: ஒரு கிராம் பீனால் முழுவதும் எரிய 2.38 கிராம் ஆக்சிஜன் வேண்டும், டொலுயீனுக்கு 3.13 கிராம். 25 டிகிரியில் காற்றோடு சமநிலையில் உள்ள நீரில் கரைந்திருப்பது லிட்டருக்குச் சுமார் 8.3 மி.கி. மட்டுமே. அதாவது நீரில் ஏற்கெனவே கரைந்துள்ள ஆக்சிஜனைக் கொண்டு லிட்டருக்கு 3.5 மி.கி. பீனாலுக்கு மேல் எரிக்க முடியாது. நூற்றுக்கணக்கான மில்லிகிராம் வைத்திருக்கும் குடுவையில் ஷேக்கர் நின்றுபோனால் என்ன ஆகும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

இறுக மூடிய புட்டியில் இன்னும் கவனம் தேவை. மேலே சொன்ன 200 மி.லி. காற்றில் ஏறத்தாழ 55 மி.கி. ஆக்சிஜன் இருக்கிறது. அது 17 அல்லது 18 மி.கி. டொலுயீனை முழுதாக எரிக்கும். கார்பனில் ஒரு பகுதி செல்லாக மாறுவதால் நடைமுறையில் இன்னும் கொஞ்சம் கூடப் போகும், அவ்வளவுதான். ஆவியாகாமலிருக்க மூடினால் மூச்சு முட்டும், மூச்சு முட்டாமலிருக்கத் திறந்தால் ஆவியாகும். பெரிய புட்டியும் சிறிய திரவமும் வைப்பது ஒரு வழி. அவ்வப்போது தூய ஆக்சிஜனை ஊசியால் செலுத்துவது இன்னொரு வழி.

நைட்ரஜன்: லிட்டருக்கு 1,000 மி.கி. பீனாலில் 766 மி.கி. கார்பன் உண்டு. அதில் பாதி செல்லாகிறது என்று வைத்தால், செல்லின் சராசரி அமைப்புப்படி சுமார் 90 மி.கி. நைட்ரஜனும் அதில் ஐந்தில் ஒரு பங்கு பாஸ்பரசும் வேண்டும். பீனாலில் இவை இரண்டும் துளியும் கிடையாது. தொழிற்சாலைக் கழிவுநீர் வீட்டுக் கழிவுநீரைப் போல் தானாகவே சத்துகளைச் சுமந்து வருவதில்லை. சந்தேகம் இருந்தால் நின்றுபோன குடுவையை இரண்டாகப் பிரித்து ஒன்றில் மட்டும் அம்மோனியம் பாஸ்பேட் கொஞ்சம் போடுங்கள். சில மணி நேரத்தில் அது மட்டும் மறுபடி ஓடத் தொடங்கினால் விடை கிடைத்துவிட்டது.

அமிலம்: குளோரின் ஏறிய சேர்மங்களில் இதுவே முதல் சந்தேகம். வளையத்திலிருந்து ஒவ்வொரு குளோரினும் விடுபடும்போது ஒரு மூலக்கூறு ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகிறது. பி.எச். மாறாமல் பிடித்துவைக்கும் பாஸ்பேட் தாங்கல் பலவீனமாக இருந்தால் பி.எச். 5க்குக் கீழே சரிந்து எல்லாம் நின்றுவிடும். காரம் ஊற்றிச் சரி செய்வது எளிது. அதற்கு முன் பி.எச். அளக்கத் தோன்றுவதுதான் அபூர்வம்.

அறிகுறி: குடுவை மஞ்சளாகிறது

மஞ்சளைக் கண்டதும் பலரும் மகிழ்வார்கள், சிலர் பயப்படுவார்கள். இரண்டுக்கும் காரணம் உண்டு, ஏனென்றால் இந்தத் துறையில் ஒரே நிறம் நான்கைந்து வேறு வேறு செய்திகளைச் சொல்கிறது.

நல்ல மஞ்சள்: கேட்டகாலை மெட்டா வெட்டு வெட்டினால் வருவது 2-ஹைட்ராக்சிமியூக்கானிக் செமிஆல்டிஹைடு. 375 நானோமீட்டரில் உச்சமாக உறிஞ்சும். வளையம் உடைந்துவிட்டது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி இல்லை. தட்டில் வளர்ந்த காலனிகள் மேல் கேட்டகால் கரைசலைத் தெளித்தால் இந்த நொதி உள்ளவை சில நிமிடங்களுக்குள் மஞ்சளாகும். இரண்டு பென்சீன் வளையங்கள் இணைந்த பைஃபீனைலைத் தின்பவற்றில் இதே வகை விளைபொருள் 434 நானோமீட்டர் பக்கம் உறிஞ்சும். மஞ்சள் வந்து, பிறகு தானாகவே மறைய வேண்டும். வந்த மஞ்சள் நாள் கணக்கில் அப்படியே நின்றால் வெட்டுக்கு அடுத்த நொதி வேலை செய்யவில்லை என்று பொருள்.

மஞ்சளே வராவிட்டால் தோல்வி என்றும் நினைக்க வேண்டாம். ஆர்த்தோ வெட்டின் விளைபொருளான சிஸ்,சிஸ்-மியூக்கானிக் அமிலத்துக்கு நிறமே கிடையாது. அந்தப் பாதையில் பின்னால் வரும் பீட்டா-கீட்டோஅடிப்பேட்டை நைட்ரோபுரூசைடு கொண்டு செய்யும் ரொதேரா சோதனை காட்டிக்கொடுக்கும். ஊதா வந்தால் ஆர்த்தோ.

ஏமாற்றும் மஞ்சள்: பச்சை கலந்து, புற ஊதா விளக்கின்கீழ் ஒளிர்ந்தால் அது பயோவெர்டின். இரும்புப் பசி எடுத்த ஃபுளோரசென்ட் சூடோமோனாஸ் இரும்பைப் பிடிக்க வெளியே விடும் நிறமி அது. வளையம் உடைந்த சேதியை அது சொல்லவில்லை. வளையத்தை உடைக்கத் தேவையான இரும்பு இல்லை என்று, கிட்டத்தட்ட எதிர்மாறாகச் சொல்கிறது.

போய்விட்ட மஞ்சள்: பாரா-நைட்ரோபீனால் வைத்து வேலை செய்பவர்களுக்கு இது தனிப் பொறி. அதன் மஞ்சள் மறைந்தால் சிதைந்துவிட்டது என்று கணக்கிடுவது வழக்கம். ஆனால் அந்தச் சேர்மத்தின் பி.கே.ஏ. (பாதி மூலக்கூறுகள் அயனியாக இருக்கும் பி.எச்.) 7.15. அயனி வடிவம் மட்டுமே மஞ்சள், பி.எச். 5க்கு இறங்கினால் ஒரு மூலக்கூறுகூடச் சிதையாமலே நிறம் போய்விடும். அளக்கும் மாதிரியில் இரண்டு துளி சோடியம் ஹைட்ராக்சைடு விட்டுப் பாருங்கள். மஞ்சள் திரும்பினால் பொருள் அங்கேயே இருக்கிறது. உண்மையிலேயே சிதைந்திருந்தால் நைட்ரைட் வெளியே வந்திருக்க வேண்டும். கிரீஸ் சோதனையில் இளஞ்சிவப்பு காட்டும்.

இங்கே ஒரு நுணுக்கம். மெட்டா வெட்டின் மஞ்சளும் அமிலத்தில் மங்கி, காரத்தில் திரும்பும். எனவே அமில-காரச் சோதனையை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. நிறமாலையில் உச்சம் 375இலா 400 அருகிலா என்று பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

நைட்ரைட் வரவில்லை, பொருளோ குறைகிறது என்றால் அம்மோனியாவை அளந்து பாருங்கள். நைட்ரோபென்சீனை இரண்டு விதமாகத் தின்னும் இனங்கள் உண்டு. ஒன்று ஆக்சிஜனை ஏற்றி நைட்ரோ தொகுதியை நைட்ரைட்டாகக் கழற்றும். மற்றொன்று முதலில் அதை ஓரளவு ஒடுக்கி, பிறகு அம்மோனியாவாக விடும். டி.என்.டி. வெடிமருந்தில் மூன்று நைட்ரோ தொகுதிகள் வளையத்தின் எலக்ட்ரான்களை இழுத்துப் பிடித்திருப்பதால் ஆக்சிஜனேசுகளுக்குப் பிடி கிடைப்பதில்லை. பெரும்பாலான பாக்டீரியாக்கள் அதை அமினோ வடிவங்களாக ஒடுக்குவதோடு நின்றுவிடும். டி.என்.டி. காணாமல் போனது என்பதை வைத்து வெற்றி அறிவிக்காதீர்கள்.

அறிகுறி: குடுவை பழுப்பாகி, கருத்துப்போகிறது

கேட்டகால்கள் தேங்குகின்றன. அவை காற்றில் தாமாகவே ஆக்சிஜனேற்றம் அடைந்து குவினோன்களாகி, ஒன்றோடொன்று பிணைந்து கருப்புப் பலபடிகளாகும். முதல் கட்டம் ஓடுகிறது, இரண்டாம் கட்டம் அடைபட்டிருக்கிறது.

குளோரோபென்சீன் அல்லது குளோரோபென்சோயேட் வைத்திருந்தால் காரணம் கிட்டத்தட்ட உறுதி. பாதையில் வரும் 3-குளோரோகேட்டகாலை மெட்டா வெட்டு நொதி வெட்டினால் உண்டாகும் அசைல் குளோரைடு, அந்த நொதியையே பற்றிக்கொண்டு முடமாக்கிவிடும். அதோடு 3-குளோரோகேட்டகால் நொதியின் இரும்பையும் பிடித்துக்கொள்ளும். தான் வெட்டியதே தன்னைக் கொல்லும் நிலை. நொதி போனதும் குளோரோகேட்டகால் மேலும் தேங்கி, செல்களையும் சேர்த்து நஞ்சூட்டும். டொலுயீனில் பிரமாதமாக வளரும் மெட்டா பாதைக்காரர்கள் குளோரோபென்சீனில் படுத்துவிடுவதற்கும், இரண்டும் கலந்த கழிவுநீர் தனித்தனியாக வருவதைவிடத் தொல்லை தருவதற்கும் இதுவே காரணம்.

குளோரோகேட்டகாலுக்கென்றே மாற்றியமைந்த ஆர்த்தோ பாதை உள்ள இனத்தைத் தேடுவது நேர்வழி. விதிவிலக்காகச் சூடோமோனாஸ் புட்டிடா ஜி.ஜே.31 என்ற இனம் முடமாகாத மெட்டா நொதியோடு குளோரோபென்சீனிலும் டொலுயீனிலும் ஒருசேர வளர்கிறது. எந்த இனமானாலும் குளோரைடை அளந்து சரிபாருங்கள். 100 மி.கி. குளோரோபென்சீன் முழுதாகச் சிதைந்தால் 31.5 மி.கி. குளோரைடு வர வேண்டும். ஊடகத்தில் சோடியம் குளோரைடு இருந்தால் இந்த அளவீடு மூழ்கிப்போகும் என்பதால் ஊடகத்தைச் சல்பேட், நைட்ரேட் உப்புகளால் தயாரித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: தட்டில் நீலம்

பயம் வேண்டாம். நாஃப்தலீன் டைஆக்சிஜனேஸ் போன்ற நொதிகள் இண்டோலையும் விட்டுவைக்காது. அதை ஆக்சிஜனேற்றினால் கடைசியில் இண்டிகோ வரும். 1983இல் நாஃப்தலீன் மரபணுக்களை ஏற்றிய ஈ.கோலையில் இது கண்டறியப்பட்டது. நொதி உயிரோடு இருக்கிறது என்பதற்கு இலவசச் சான்று.

அறிகுறி: சாயம் வெளுத்துவிட்டது, நீர் இன்னும் நச்சாக இருக்கிறது

அசோ சாயத்தின் நிறம் இரு நைட்ரஜன்களுக்கு இடையிலான இரட்டைப் பிணைப்பில் இருக்கிறது. ஆக்சிஜன் இல்லாத தொட்டியில் பாக்டீரியா அதை எளிதாக ஒடுக்கி உடைக்கும், நிறம் போகும். ஆனால் உடைந்தவை நிறமற்ற அரோமேட்டிக் அமீன்கள். வளையங்கள் அப்படியே இருக்கின்றன. சில அமீன்கள் மூலச் சாயத்தைவிடக் கெட்டவை. அடுத்து காற்றூட்டும் தொட்டி வேண்டும். அங்கேதான் ஆக்சிஜனேசுகள் வளையத்தைத் தொடும். ஒரே தொட்டியில் இரண்டையும் முடிக்கப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் நிறத்தை மட்டுமே தீர்க்கிறார்கள்.

வெளுத்த நீர் காற்றுபட்டதும் மறுபடி பழுப்பேறுகிறதா? அடுத்தடுத்து அமினோ, ஹைட்ராக்சில் தொகுதிகள் கொண்ட அமீன்கள் தாமாகவே ஆக்சிஜனேற்றம் அடைகின்றன. சாயம் திரும்பி வரவில்லை. புதிய நிறப்பொருள் உண்டாகியிருக்கிறது. சல்போனேட் ஏறிய அமீன்கள் காற்றுத் தொட்டியிலும் பிடிவாதம் பிடிக்கும், அவற்றுக்குப் பழகிய கசடு தேவை.

அறிகுறி: மூலப்பொருள் பூஜ்ஜியம், சி.ஓ.டி. இறங்கவில்லை

சி.ஓ.டி. என்பது நீரிலுள்ள கரிமப் பொருட்களை வேதிமுறையில் ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு. அது இறங்காவிட்டால் இடைநிலைப் பொருள் தேங்கியிருக்கிறது. கலவையைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. கருவியில் உங்கள் பொருளின் உச்சியை மட்டும் பார்க்காமல் புதிதாக முளைத்தவற்றையும் பாருங்கள். குளோரின் ஏறிய பைஃபீனைல்களான பி.சி.பி.க்களில் இது சாதாரணம். பைஃபீனைல் பாதை உள்ள பாக்டீரியா இரண்டு வளையங்களில் ஒன்றைத் தின்றுவிட்டு மற்றதைக் குளோரோபென்சோயேட்டாக விட்டுவிடும். அதை எடுத்துக்கொள்ள இன்னோர் இனம் கூட இருக்க வேண்டும்.

பீனாலை 4-அமினோஆன்டிபைரின் முறையில் அளப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பாரா இடத்தில் நைட்ரோ அல்லது ஆல்கைல் தொகுதி உள்ள பீனால்களில் பல இந்தச் சோதனையில் நிறமே தராது. சோதனைக் குழாய் வெளிறியிருந்தால் பீனால் இல்லை என்று பொருளாகாது.

அறிகுறி: முன்பு தின்ற இனம் இப்போது தின்ன மறுக்கிறது

எதில் வளர்த்துப் பாதுகாத்தீர்கள்? ஊட்டச்சத்து நிறைந்த ஊடகத்தில் திரும்பத் திரும்ப மாற்றியிருந்தால் விடை அங்கே இருக்கிறது. அரோமேட்டிக் பாதைகளில் பல பிளாஸ்மிட்டில் உள்ளவை. சூடோமோனாஸ் புட்டிடா எம்.டி.-2இல் டொலுயீனையும் சைலீனையும் தின்ன வைக்கும் டி.ஓ.எல். பிளாஸ்மிட்டின் நீளம் சுமார் 117 ஆயிரம் கார இணைகள். தேவையில்லாதபோது அது வீண் சுமைதான். இறக்கி வைத்த செல்கள் மற்றவற்றை முந்திவிடும்.

இதில் நுட்பமான ஒரு கண்ணி பென்சோயேட். டொலுயீன் பாதையின் நடுவில் வருவது அதுதானே, அதில் வளர்த்தால் பிளாஸ்மிட் பத்திரமாக இருக்கும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. பென்சோயேட்டைத் தின்ன குரோமோசோமிலேயே ஆர்த்தோ பாதை இருக்கிறது. பிளாஸ்மிட்டோ அதன் சிதைவு மரபணுப் பகுதியோ உதிர்ந்த செல்கள் அதைக் கொண்டு இன்னும் வேகமாக வளர்கின்றன. மெட்டா-டொலுவேட் அல்லது மெட்டா-சைலீனில் வளர்த்தால் பிளாஸ்மிட் இல்லாதவை பட்டினி கிடக்கும். உறைபெட்டியில் கிளிசராலோடு மூலக் குப்பிகளை வைத்திருந்து, ஒவ்வொரு புதிய வேலைக்கும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

அறிகுறி: மண்ணில் முதலில் வேகம், பிறகு கோடு படுத்துவிட்டது

நாஃப்தலீனின் கரைதிறன் லிட்டருக்குச் சுமார் 31 மி.கி., ஃபீனான்திரீனுக்கு ஏறத்தாழ 1 மி.கி., பைரீனுக்கு 0.13 மி.கி. அளவு. வளையம் கூடக்கூட நீரில் கரைவது சரிகிறது, பாக்டீரியாவுக்கு எட்டுவதும் குறைகிறது. முதலில் வேகமாகக் குறைந்தது எட்டிய பகுதி. மிச்சம் மண்ணின் கரிமப் பொருளிலும் நுண்துளைகளிலும் போய் உட்கார்ந்துவிட்டது. பழைய மாசு என்றால் இன்னும் ஆழமாக. இங்கே புதிய பாக்டீரியாவைக் கொட்டுவதில் பயனில்லை. சிறிதளவு மண்ணை எடுத்து, அதில் புதிதாக ஃபீனான்திரீன் கலந்து பாருங்கள். புதியது கரைந்து பழையது நின்றால் குறை பாக்டீரியாவில் இல்லை, எட்டாமையில் இருக்கிறது. பரப்பு இழுவிசை குறைப்பான்கள் சில சமயம் உதவும், சில சமயம் செல்களையே நஞ்சூட்டும். சிறு அளவில் சோதிக்காமல் இறங்க வேண்டாம்.

அறிகுறி: ஆக்சிஜன் இல்லாத புட்டியில் அசைவே இல்லை

ரெசாசுரின் போட்டிருந்தால் நிறத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பு தெரிந்தால் ஆக்சிஜன் கசிந்திருக்கிறது. காற்றில்லாப் பாதையில் டொலுயீனுக்கு முதல் அடி வைக்கும் பென்சைல்சக்சினேட் சிந்தேஸ், ஃபியூமரேட்டை டொலுயீனோடு ஒட்டும் கிளைசில் ரேடிக்கல் நொதி. ஆக்சிஜன் பட்டால் புரதமே அந்த இடத்தில் அறுந்துவிடும், மீட்க முடியாது. அதைத் தாண்டி வரும் பென்சாயில்-கோஏவின் வளையத்தைத் தௌவேரா போன்ற பாக்டீரியாக்கள் ஒடுக்குகின்றன. இரண்டு எலக்ட்ரான்களைச் செலுத்த, செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. இரண்டு செலவு. வேகம் குறைவாக இருப்பது இயல்பு. பென்சீனுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரும்.

புட்டி காற்றுப்புகாமல் இருந்தும் நின்றால் எலக்ட்ரான் ஏற்பியை, அதாவது ஆக்சிஜனுக்குப் பதிலாக எலக்ட்ரான்களை வாங்கும் நைட்ரேட், சல்பேட் போன்றதை, எண்ணுங்கள். நைட்ரேட்டை நைட்ரஜனாக ஒடுக்கி ஒரு மோல் டொலுயீனை எரிக்க 7.2 மோல் நைட்ரேட் வேண்டும். இடையில் நைட்ரைட் தேங்கினால் அதுவே நஞ்சு. சல்பேட் வைத்திருப்பவர்கள் சல்பைடைக் கவனிக்க வேண்டும். கொஞ்சம் இரும்பு உப்பு சேர்த்தால் அது கருப்பு வண்டலாக இறங்கிவிடும்.

அறிகுறி: ஓடிக்கொண்டிருந்த தொட்டி திடீரென்று பீனாலை வெளியே விடுகிறது

அதே நேரத்தில் தொட்டியில் கரைந்த ஆக்சிஜன் ஏறியிருக்கிறதா என்று உடனே பாருங்கள். ஏறியிருந்தால் நல்ல செய்தி இல்லை. காற்றூதி அதே வேகத்தில் ஓட, உறிஞ்ச வேண்டிய பாக்டீரியா மூச்சை நிறுத்தியிருக்கிறது. ஆக்சிஜன் இறங்கியிருந்தால் காற்று போதவில்லை, ஊதியைக் கூட்டினால் போதும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, முதல் வகையில் காற்றைக் கூட்டிக்கொண்டே போவதால் எதுவும் மாறாது.

பீனால் ஒரே நேரத்தில் உணவும் நஞ்சும். செறிவு ஏற ஏறச் சிதைவு வேகம் ஓர் உச்சம் வரை கூடி, பிறகு குறைகிறது. இதை விவரிக்கும் ஹால்டேன் சமன்பாட்டில் அந்த உச்சம் அரைச்செறிவு மாறிலி (தடை இல்லாவிட்டால் வேகம் பாதியை எட்டும் செறிவு), தடை மாறிலி (நஞ்சின் தாக்கத்தைக் குறிக்கும் செறிவு) ஆகிய இரண்டின் பெருக்கலின் வர்க்கமூலத்தில் வருகிறது. ஒன்று லிட்டருக்கு 10, மற்றொன்று 160 மி.கி. என்றால் உச்சம் 40இல். வரும் நீரில் ஒரு திடீர்ச் சுமை தொட்டியை அந்த உச்சத்துக்கு அப்பால் தள்ளினால் வேகம் குறையும். வேகம் குறைவதால் செறிவு மேலும் ஏறும். அதனால் வேகம் இன்னும் குறையும். தானாக மீளாது.

உள்வரத்தை நிறுத்துங்கள் அல்லது சுத்தமான வெளிநீரைத் திருப்பி விட்டுச் செறிவை உச்சத்துக்குக் கீழே இறக்குங்கள். காற்றும் சத்துகளும் தொடரட்டும். கசடை வெளியேற்றுவதை நிறுத்திவையுங்கள். இப்போது ஒவ்வொரு செல்லும் தேவை. மூச்சு வேகம் திரும்பிய பிறகு, அதாவது கரைந்த ஆக்சிஜன் மறுபடி இறங்கத் தொடங்கிய பிறகு, உள்வரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கலாம். பீனால் சீரான பிறகும் அம்மோனியா வெளியேறிக்கொண்டே இருக்கும். நைட்ரஜனேற்றும் பாக்டீரியாக்கள் பீனாலுக்கு மிகவும் நொய்ந்தவை, மெதுவாக வளர்பவையும்கூட. அவை திரும்ப வர வாரங்கள் ஆகலாம். அதுவரை அம்மோனியா அளவைக் கண்டு உள்வரத்தை மறுபடி மூடிவிடாதீர்கள். இந்தச் சிக்கல் அடிக்கடி வந்தால் தொட்டிக்கு முன்னால் ஒரு சமன்படுத்தும் தொட்டி கட்டுவதைத் தவிர வேறு நிரந்தர வழி இல்லை.